தானாக அடங்கும் கைப்பேசியும் தவறக் கூடாத அழைப்பும்

'அமைதி காக்கவும்' என்னும் பலகை கைப்பேசிகள் வருவதற்கு வெகுகாலம் முன்பே மருத்துவமனை வாயில்களில் இடம்பெற்றுவிட்டது. இன்று அந்தப் பலகையின் வேலையில் ஒரு பங்கைக் கைப்பேசியே ஏற்றுக்கொண்டிருக்கிறது. இரவு பத்து மணியானால் தன் ஒலியைத் தானே நிறுத்திக்கொள்கிறது. சில கருவிகளை மேசைமீது கவிழ்த்து வைத்தாலே போதும், வாய் மூடிக்கொள்கின்றன. குறித்து வைத்த இடத்துக்குள் நுழைந்ததும் மணியை விட்டு அதிர்வுக்கு மாறுகின்றன. விடிந்ததும் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. நோயாளிகளின் உறக்கத்தைக் காக்க விரும்பும் எங்களுக்கு இது நல்ல செய்தியே.

ஆயினும் இதே வசதியால் எங்கள் செவிலியர்கள் படும் பாடும் ஒன்று உண்டு. நள்ளிரவில் ஒரு நோயாளியின் நிலை மாறுகிறது. குடும்பத்தாரிடம் தெரிவித்து ஒப்புதல் பெற வேண்டியிருக்கிறது. பதிவேட்டிலுள்ள எண்ணுக்கு அழைக்கிறோம். எங்கள் காதில் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. மறுமுனையில் எந்த மணியும் அடிக்கவில்லை என்பது காலையில்தான் தெரியவருகிறது. உயிர் காக்கும் சிகிச்சைக்கு எவருடைய பதிலுக்காகவும் மருத்துவர்கள் காத்திருப்பதில்லை. அது குறித்து எவரும் அஞ்ச வேண்டாம். ஆனால் மாற்று மருந்து ஒன்றைத் தேர்வதற்கும், முன்பு எந்த மருந்து ஒவ்வாமல் போனது என்று கேட்டறிவதற்கும், இறுதி நேரத்தில் அருகில் இருக்க வேண்டியவரை அழைப்பதற்கும் அந்த ஓர் அழைப்புதான் வழி.

சூழலுக்கேற்ப ஒலியை மாற்றும் எண்ணம் புதிதன்று. பொத்தான் வைத்த பழைய நோக்கியா கைப்பேசிகளில் பொது, மௌனம், கூட்டம், வெளியிடம் என்று தனித்தனி நிலைகள் இருந்தமை பலருக்கும் நினைவிருக்கலாம். கூட்ட நிலை இன்ன நேரம் வரை என்று குறித்துவிட்டால், அந்நேரம் கழிந்ததும் கருவி தானே பொது நிலைக்குத் திரும்பிவிடும். அங்கே முடிவெடுத்தவர் மனிதர். கருவி கடிகாரத்தை மட்டுமே பார்த்தது. 2003ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'சென்சே' என்ற பெயரில் ஒரு சோதனைக் கைப்பேசியை வெளிக்காட்டினர். வெளிச்சம், உடலசைவு, சுற்றுப்புற ஒலி ஆகியவற்றை உணரிகள் மூலம் அறிந்து, உரியவரை இப்போது இடையூறு செய்யலாமா கூடாதா என்று அக்கருவி தானே ஊகித்தது. ஊகத்துக்கு ஏற்ப மணியின் அளவையும் அதிர்வையும் மாற்றியது. அதில் எங்களைக் கவர்ந்தது மற்றொன்று. அழைப்பவர் தம் அழைப்பு அவசரமானது என்று தெரிவிப்பதற்கும் அதில் ஒரு வழி வைத்திருந்தார்கள். கருவியின் ஊகம் தவறக் கூடும் என்பதை முதலிலேயே உணர்ந்து செய்த ஏற்பாடாக அதை நாங்கள் கருதுகிறோம்.

இன்றைய திறன்பேசிகள் கடிகாரம், நாட்காட்டிக் குறிப்பு, இருப்பிடம், வைஃபை, வாகன வேகம், புளூடூத் இணைப்பு என்று பலவற்றையும் பார்த்து முடிவெடுக்கின்றன. ஐபோனில் இதற்கு 'ஃபோகஸ்' என்று பெயர். சாம்சங் கருவிகளில் 'மோட்ஸ் அண்ட் ரொட்டீன்ஸ்'. பொதுவாக ஆண்ட்ராய்டு கருவிகளில் 'டூ நாட் டிஸ்டர்ப்', தமிழில் வைத்திருப்போருக்குத் 'தொந்தரவு செய்ய வேண்டாம்'. பெயர் எதுவாயினும் இவை அனைத்தும் அறிவது இடத்தையும் நேரத்தையுமே. வீட்டில் யார் நோயுற்றிருக்கிறார் என்பதை இவை அறிவதில்லை.

மருத்துவமனையையே எடுத்துக்கொள்வோம். 'இந்த இடத்துக்குள் வந்தால் அதிர்வு மட்டும்' என்று இருப்பிடத்தைக் குறித்து வைக்கும் பழக்கம் உடனிருப்போர் சிலரிடம் உண்டு. நல்ல எண்ணத்தில் செய்வதுதான். ஆனால் இருப்பிடம் என்று கருவி கருதுவது ஒரு பெரிய வட்டம். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயில், காத்திருப்புக் கூடம், மருந்தகத்தின் வரிசை, உணவகம், வாகனம் நிறுத்துமிடம் எல்லாம் அந்த வட்டத்துக்குள் அடங்கிவிடும். போதாக்குறைக்கு, கட்டடத்தின் உட்பகுதிகளில் செயற்கைக்கோள் குறிப்பு நலிந்துவிடுவதால் வட்டம் இன்னும் விரியும். இனி, நாங்கள் உடனிருப்பவரை மிகுதியாக அழைப்பது எப்போது? அவர் உணவகத்தில் இருக்கும்போதுதான். "மருத்துவர் வந்திருக்கிறார், மேலே வாருங்கள்" என்ற அழைப்பு, இரைச்சல் மிகுந்த உணவகத்தில், பைக்குள் கிடந்து அதிரும் கைப்பேசிக்கு வந்து சேர்கிறது. அவருக்குக் கேட்பதில்லை. மருத்துவரோ அடுத்த படுக்கைக்குச் சென்றுவிடுகிறார். மருத்துவமனைக்குள் ஒலி அடங்க வேண்டிய இடம் நோயாளிப் பிரிவு ஒன்றே. மற்ற இடங்களில் ஒலிப்பதே நல்லது. இந்த வேறுபாட்டை இன்றைய கருவிகள் அறிய மாட்டா என்பதால், இருப்பிடம் பார்த்து மாறும் ஏற்பாட்டை உடனிருப்போர் மருத்துவமனைக்கென்று வைத்துக்கொள்ள வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. உள்ளே நுழையும்போது விரலால் தாழ்த்துங்கள்; வெளியே வரும்போது விரலால் உயர்த்துங்கள்.

அடுத்த சிக்கல் அறியாத எண். விளம்பர அழைப்புகளின் தொல்லை தாங்காமல், தொடர்புப் பட்டியலில் இல்லாத எண்கள் ஒலிக்கவே வேண்டாம் என்று அமைத்துக்கொள்வோர் உண்டு. ஐபோனில் இவ்வசதி 2019ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. வேறு கருவிகளிலும், அழைப்பவரை அடையாளம் காட்டும் செயலிகளிலும் இதையொத்த வசதிகள் உள்ளன. எங்கள் அழைப்போ வெவ்வேறு எண்களிலிருந்து வரும்: நோயாளிப் பிரிவின் தரைவழித் தொலைபேசி, ஆய்வகம், இரத்த வங்கி, சில வேளைகளில் மருத்துவரின் சொந்தக் கைப்பேசி. இவற்றுள் ஒன்றுகூட உங்கள் பட்டியலில் இராது.

உறுப்பு மாற்றுக்குப் பதிவு செய்து காத்திருக்கும் குடும்பத்தார் இதைச் சற்று நின்று படிக்க வேண்டுகிறோம். தமிழ்நாட்டில் மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளைப் பெற்றுப் பிறருக்குப் பொருத்தும் திட்டம் 2008 முதல் நடைபெற்று வருகிறது. எடுக்கப்பட்ட இதயம் நான்கு முதல் ஆறு மணி நேரம் வரையிலும், கல்லீரல் ஏறத்தாழப் பன்னிரண்டு மணி நேரமும், சிறுநீரகம் ஒரு நாள் அல்லது சற்றுக் கூடுதலாகவும் தாங்கும். அதற்குள் பெறுபவர் வந்து சேர்ந்து, பரிசோதனைகள் முடிந்து, அறுவை அரங்கும் ஆயத்தமாக வேண்டும். இந்த அழைப்பு பகலில் வரும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. ஆண்டுக்கணக்கில் எதிர்பார்த்த அழைப்பு பின்னிரவு இரண்டு மணிக்கு, அறியாத எண்ணிலிருந்து வந்தால், தானாக அடங்கும் கைப்பேசி தனக்குச் சொல்லப்பட்ட விதியைப் பிழையின்றிப் பின்பற்றி அதை மௌனமாக்கிவிடும். பதில் கிடைக்காதபோது வாய்ப்பு பட்டியலில் அடுத்திருப்பவருக்குச் செல்வது இயல்பு.

ஆகவே செய்ய வேண்டியது என்ன? மருத்துவமனையின் எண்கள் அனைத்தையும் கேட்டு வாங்கி, ஒரே பெயரின்கீழ்ச் சேமியுங்கள். ஆண்ட்ராய்டு கருவியில் அந்தப் பெயருக்கு நட்சத்திரக் குறி இடுங்கள். தொந்தரவு தடுக்கும் ஏற்பாட்டில் நட்சத்திரமிட்டவர்களின் அழைப்புக்கு அனுமதி உள்ளதா என்றும் பாருங்கள். மணியின் ஒலியளவையே முற்றிலும் குறைத்துவிட்டால் நட்சத்திரம் இருந்தும் பயனில்லை என்பது நினைவிருக்கட்டும். ஐபோனில், அந்தப் பெயரைத் திறந்து திருத்தும் பகுதியில் ரிங்டோன் என்பதைத் தொட்டால் 'எமர்ஜென்சி பைபாஸ்' என்னும் வசதி தென்படும். அதை இயக்கிவிட்டால், கருவி மௌன நிலையில் இருந்தாலும் அந்த எண்ணுக்கு மட்டும் ஒலிக்கும். மீண்டும் மீண்டும் அழைப்பவரை அனுமதிக்கும் வசதி ஒன்றும் உண்டு: முதல் அழைப்பு அடங்கினாலும், அதே எண்ணிலிருந்து ஐபோனில் மூன்று நிமிடங்களுக்குள்ளும் ஆண்ட்ராய்டில் பதினைந்து நிமிடங்களுக்குள்ளும் மறுபடி அழைத்தால் மணி ஒலிக்கும். நாங்கள் பதில் வராத எண்ணை உடனே இரண்டாம் முறை அழைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வாகனம் ஓட்டும்போது அறிவிப்புகளைத் தடுக்கும் ஏற்பாடு, நீங்கள் ஓட்டுநர் அல்லாமல் பயணியாகச் செல்லும்போதும் தானே இயங்கிவிடக் கூடும். ஊரிலிருந்து மருத்துவமனை நோக்கி வரும் உறவினர்களுக்கு இதையும் சொல்லி வையுங்கள்.

இனி அலாரம். மணியின் மௌனம் வேறு, அலாரத்தின் மௌனம் வேறு என்பது பலருக்குத் தெரிவதில்லை. 2012 ஜனவரி 10 அன்று நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு மாலரின் ஒன்பதாம் சிம்ஃபொனியை இசைத்துக்கொண்டிருந்தது. ஓசை தேய்ந்து தேய்ந்து மறையும் இறுதிப் பகுதியில், முன்வரிசையில் ஒரு ஐபோன் விடாமல் ஒலிக்கத் தொடங்கியது. நடத்துநர் ஆலன் கில்பர்ட் இசையையே நிறுத்திவிட்டார். கருவிக்குரியவரோ அதை மௌன நிலையில்தான் வைத்திருந்தார். அது முந்தைய நாள் கைக்கு வந்த புதிய கருவி. அதில் அலாரம் வைக்கப்பட்டிருந்ததை அவர் அறியவில்லை. மௌனப் பொத்தான் அலாரத்தைக் கட்டுப்படுத்தாது.

அந்த அரங்கத்தில் நாணத்தை விளைவித்த அதே இயல்பு, மருந்து உண்போருக்கு நன்மை. இரவில் எல்லா ஒலிகளையும் அடக்கினாலும், கருவியோடு வரும் கடிகாரத்தில் வைத்த அலாரம் பெரும்பாலும் ஒலிக்கும். பெரும்பாலும் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் அலாரத்துக்கென்று தனி ஒலியளவு உண்டு. அது குறைந்திருந்தால் மணி எவ்வளவு உரக்க இருந்தாலும் அலாரம் முனகும். தொந்தரவு தடுக்கும் ஏற்பாட்டில் அலாரத்துக்கு அளித்த விலக்கு நீங்கியிருந்தாலும் அது ஒலிக்காது. ஐபோனில் மணியின் அளவே அலாரத்தின் அளவு. பக்கவாட்டுப் பொத்தான் அந்த அளவை மாற்றும்படி அமைந்திருந்தால், பகலில் மணியைத் தாழ்த்தியவர் அறியாமலேயே விடியற்காலை அலாரத்தையும் தாழ்த்திவிடுகிறார். முகமறியும் வசதியுள்ள ஐபோன்கள், உரியவர் திரையைப் பார்ப்பதாக உணர்ந்தால் எச்சரிக்கை ஒலியைத் தாமே குறைத்துக்கொள்ளும். 2024ஆம் ஆண்டில் சில ஐபோன்களில் அலாரம் எதிர்பார்த்தபடி ஒலிக்கவில்லை என்ற முறையீடுகள் எழுந்தபோது, அந்நிறுவனமும் அக்குறையை ஒப்புக்கொண்டது.

இவற்றையெல்லாம்விட எங்களுக்குக் கவலை தருபவை மருந்து நினைவூட்டும் தனிச் செயலிகள். மின்கலத்தைச் சேமிப்பதற்காக, பயன்படாத செயலிகளை உறங்கச் செய்யும் முறையை ஆண்ட்ராய்டு 2015 முதல் கைக்கொண்டுள்ளது. நெடுநாள் திறக்காத செயலிக்கு அளித்த அனுமதிகளையும் பின்வந்த பதிப்புகள் தாமே திரும்பப் பெற்றுக்கொள்கின்றன. நினைவூட்டும் செயலியை எவரும் நாள்தோறும் திறந்து பார்ப்பதில்லை. அது ஒலிக்கும் என்று நம்பித்தானே வைத்திருக்கிறோம்! கருவியின் பார்வையில் அது பயனற்ற செயலி. சிறுநீரகம் மாற்றப்பட்டவர் பன்னிரண்டு மணிக்கு ஒரு முறை உண்ண வேண்டிய டாக்ரோலிமஸ், பார்க்கின்சன் நோயாளிக்கு நேரம் தவறினால் கைகால்களை முடக்கிவிடும் லெவோடோபா, உணவையொட்டிச் செலுத்தும் இன்சுலின் ஆகியவற்றை இத்தகைய செயலியிடம் மட்டும் ஒப்படைக்க வேண்டாம். கருவியோடு வந்த கடிகாரமே போதும். செயலிதான் வேண்டுமெனில், அமைப்புகளில் மின்கலச் சேமிப்பிலிருந்து அதற்கு விலக்கு அளியுங்கள். படுக்கையருகே ஒரு சாதாரண மேசைக் கடிகாரமும் இருந்தால் குறைவொன்றுமில்லை. பழைய பொத்தான் கைப்பேசிகள் பலவற்றில், அணைத்து வைத்திருந்தாலும் அலாரம் ஒலிக்கும். இன்றைய திறன்பேசிகளில் மின்னூட்டம் தீர்ந்தால் அலாரமும் தீர்ந்தது.

இரத்தச் சர்க்கரையை இடைவிடாது அளக்கும் கருவியை உடலில் ஒட்டிக்கொண்டு, அதன் எச்சரிக்கையைக் கைப்பேசியில் பெறும் நீரிழிவு நோயாளிகளுக்கு இது இன்னும் கூர்மையான சிக்கல். சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கும்போது வர வேண்டிய எச்சரிக்கை உறக்கத்தில்தான் மிகவும் தேவைப்படும். உறக்க நேரத்தில்தான் கைப்பேசியும் அடங்கியிருக்கும். மௌனத்தையும் மீறி ஒலிக்கும் அதிமுக்கிய எச்சரிக்கை என்னும் தனி வகையை ஆப்பிள் நிறுவனம் 2018இல் கொண்டுவந்தது. அந்நிறுவனத்தின் இசைவு பெற்ற செயலிகள் மட்டுமே அதைப் பயன்படுத்த முடியும். பயன்படுத்துவோரும் தனியே அனுமதி அளிக்க வேண்டும். அனுமதி கேட்கும் அந்தப் பெட்டியை மறுத்துத் தள்ளிவிட்டால் பாதுகாப்பும் போயிற்று. 2025 பிப்ரவரியில் அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இது குறித்து ஓர் எச்சரிக்கையை வெளியிட்டது. கைப்பேசியின் இயங்குதளம் புதுப்பிக்கப்பட்டபோதும், புதிய புளூடூத் ஒலிக்கருவி இணைக்கப்பட்டபோதும், செயலி ஆழ்ந்த உறக்கத்துக்குச் சென்றபோதும் எச்சரிக்கைகள் கேளாமல் போனதாக அதற்கு முறையீடுகள் வந்திருந்தன. கடுமையான சர்க்கரைத் தாழ்வும் உயிரிழப்பும்கூட அவற்றில் குறிப்பிடப்பட்டிருந்தன. மாதம் ஒரு முறையேனும் எச்சரிக்கை அமைப்புகளைச் சரிபார்க்குமாறு அந்நிர்வாகம் அறிவுறுத்துகிறது. சம்பளம் வரும் நாளிலோ அமாவாசையிலோ பார்ப்பதென்று வீட்டில் வழக்கமாக்கிக்கொண்டால் மறக்காது.

முதியோர் செவித்திறனையும் சொல்ல வேண்டும். வயது ஏறும்போது முதலில் குறைவது கூர்மையான, உச்ச ஒலிகளைக் கேட்கும் திறன். தீ எச்சரிக்கைக் கருவிகளைக் குறித்த ஆய்வுகளில், உறங்குவோரை எழுப்புவதற்கு 3100 ஹெர்ட்ஸ் அளவிலான கீச்சொலியைவிட 520 ஹெர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த ஒலியே சிறந்தது எனத் தெரியவந்தது. தாத்தாவின் கைப்பேசியில் பேரப்பிள்ளைகள் வைத்துத் தரும் பறவைக் குரலும் கண்ணாடி மணியும் அவருக்குக் கேளாமலே போகலாம். தடித்த குரலுள்ள ஒலியைத் தேர்ந்து வைத்து, அவர் படுத்திருக்கும் நிலையில், செவிக்கருவியைக் கழற்றிய பிறகு, கேட்கிறதா என்று பாருங்கள். தலையணைக்கு அடியில் வைக்க வேண்டாம், ஒலி அமுங்கும். இதயமுடுக்கி பொருத்தியவர்கள் சட்டைப்பையில் வைப்பதையும் தவிர்க்க வேண்டும். கைப்பேசிக்கும் இதயமுடுக்கிக்கும் இடையே குறைந்தது 15 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கட்டும்.

இவ்வளவும் ஒலிக்க வேண்டிய ஒலிகளைப் பற்றி. ஒலிக்க வேண்டாதவை குறித்தும் எங்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. நோயாளிப் பிரிவில் இரவு நேர ஒலி சராசரியாக 30 டெசிபல் அளவைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999இல் வரையறுத்தது. நம் நாட்டின் 2000ஆம் ஆண்டு ஒலிமாசு விதிகளும் மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக்கி, இரவில் 40 டெசிபல் என்று எல்லை வகுத்துள்ளன. செவிலியர் பணிக்கு வழிகாட்டியான ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் தம் நூலில் இரைச்சலுக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். உரத்த ஓசையினும், அறை ஓரத்தில் கிசுகிசுக்கும் பேச்சு நோயாளியை மிகுதியாக வருத்தும் என்பது அவர் கருத்து. அவர் இன்று இருந்திருந்தால் இரும்பு லாக்கரின்மீது அதிரும் கைப்பேசியையும் அப்பட்டியலில் சேர்த்திருப்பார் என்று நினைக்கிறோம். அதிர்வு என்பது மௌனம் அன்று. எவர்சில்வர் தட்டின் அருகிலோ லாக்கரின் மேலோ வைத்த கைப்பேசி அதிர்ந்தால் பக்கத்துப் படுக்கைக்காரரும் விழித்துக்கொள்வார். மடித்த துண்டின்மீது வையுங்கள், அல்லது இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. தீவிர சிகிச்சைப் பிரிவின் கருவிகளுக்கென்று உலகளாவிய ஒலி வரன்முறை இருக்கிறது. உயர் அவசரத்துக்குப் பத்துத் துடிப்புகள், நடுத்தர அவசரத்துக்கு மூன்று. எங்கள் செவிலியர்களின் செவி அதற்குப் பழகியது. அதையொத்த 'பீப்' ஒலியைக் கைப்பேசி மணியாக வைத்திருப்பவர் அறியாமலேயே அவர்களை ஓடவைக்கிறார். பயனற்ற ஒலிகள் பெருகினால் பயனுள்ள ஒலியும் காதில் ஏறாமல் போகும். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் கூட்டு ஆணையத்திடம் 2009 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை எச்சரிக்கை ஒலி தொடர்பான 98 நிகழ்வுகள் பதிவாயின; அவற்றுள் 80 உயிரிழப்பில் முடிந்தன. எச்சரிக்கை ஒலிகளின் மிகுதியால் செவிலியர்க்கு ஏற்படும் மரப்பு அதன் காரணங்களுள் ஒன்றாகக் கூறப்பட்டது. பாட்டு, காணொளி, வாட்ஸ்அப் குழுவின் காலை வணக்கம் ஆகியவற்றின் ஒலியை நோயாளிப் பிரிவில் முற்றிலும் நிறுத்திவைப்பது எங்கள் செவிகளுக்கும் நீங்கள் செய்யும் உதவி.

ஒரு குடும்பத்தில் ஐந்து கைப்பேசிகள் இருந்தால் ஐந்தையும் விழித்திருக்கச் செய்ய வேண்டியதில்லை. இரவில் ஒலிக்க வேண்டியது எது, அதன் அருகில் யார் படுத்துக்கொள்வது என்று பேசி முடிவு செய்துகொண்டு அந்த எண்ணைச் சேர்க்கைப் படிவத்தில் முதலாவதாக எழுதுங்கள். இரண்டாவது எண் வேறொரு வீட்டிலுள்ளவருடையதாக இருப்பது நல்லது. நோயாளியின் சொந்த எண்ணை மட்டும் எழுதிச் செல்வோரும் இருக்கிறார்கள். அந்தக் கைப்பேசி அவர் தலைமாட்டிலேயே ஒலித்து அவரைத்தான் எழுப்பும். சேர்ந்த அன்று மாலையே, தொந்தரவு தடுக்கும் ஏற்பாட்டை இயக்கி வைத்துவிட்டு, செவிலியர் மேசையிலிருந்து ஒரு சோதனை அழைப்பு விடுக்குமாறு கேளுங்கள். ஒரு நிமிட வேலை, மறுக்க மாட்டோம். ஒலிக்கவில்லையெனில், அமைப்பைத் திருத்திவிட்டு இன்னொரு முறை அழைக்கச் சொல்லுங்கள்.